நவம்பர் 4-ல் கெசோன் மாகாணத்துக்கு ஏன் விடுமுறை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிலிப்பைன்ஸின் கெசோன் மாகாணம் நவம்பர் 4-ஐ ஹெர்மானோ புலே நினைவு நாளாக அனுசரிக்கிறது. அந்த நாளைப் பற்றியும், அந்த மனிதரைப் பற்றியும், விடுமுறை நாள் சம்பளக் கணக்கு பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: யார் இந்த ஹெர்மானோ புலே? பிறந்த நாளை விட்டுவிட்டு இறந்த நாளை ஏன் கொண்டாடுகிறார்கள்?

இயற்பெயர் அப்போலினாரியோ டி லா குரூஸ். அன்றைய தயாபாஸ் மாகாணத்தின் லுக்பான் ஊரில், ஓரளவு வசதியான, பக்தியுள்ள விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தத் தயாபாஸ் மாகாணம்தான் 1946-ல் கெசோன் எனப் பெயர் மாறியது. பிறந்த தேதி ஜூலை 22. ஆண்டு மட்டும் 1814 என்றும் 1815 என்றும் இரு விதமாக அச்சாகிறது. அதனால்தான் சில நூல்களில் இறக்கும்போது வயது 26, சிலவற்றில் 27. கட்டுரை எழுதும் மாணவர்கள் ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, கடைசிவரை அதன்படியே வயதைச் சொல்ல வேண்டும். ஒரு பத்தியில் 1814, அடுத்த பத்தியில் 26 வயது என்று எழுதினால் கணக்கு இடிக்கும்.

பதினைந்து வயதை ஒட்டி, துறவியாக வேண்டும் என்று மணிலாவுக்குப் போனார். துறவற சபைகள் சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம் ஒன்றுதான்: அவர் ஓர் ‘இந்தியோ’. ஸ்பானிய ஆட்சி உள்நாட்டு மக்களை அந்தப் பெயரால்தான் குறித்தது. இதில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. உள்நாட்டவர் யாருமே அன்று பாதிரியார் ஆக முடியவில்லை என்பது சரியல்ல. மறைமாவட்டத்தின் கீழ் இயங்கிய உள்நாட்டுப் பாதிரியார்கள் இருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது துறவற சபைகளில். புலே தட்டியது அந்தக் கதவை.

பிறகு மணிலாவின் சான் ஹுவான் டி டியோஸ் மருத்துவமனையில் ‘தொனாதோ’ ஆனார். துறவு வாக்குறுதி எடுக்காமல் பணிவிடை செய்யும் சகோதரர் என்று பொருள். அங்கே இருந்தபடியேதான் பேசவும் போதிக்கவும் பழகினார். 1832-ல் சொந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து தூய யோசேப்பின் பெயரால் ஒரு பக்த சபையைத் தொடங்கினார். அதுதான் கோஃப்ராதியா டி சான் ஹோசே. தொடங்கியபோது 19 பேர்.

பிறந்த நாளைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம், இந்த மாகாணத்தின் மனதில் ஊன்றி நிற்பது அந்தக் கடைசி நான்கு நாட்கள் என்பதுதான். 1841 நவம்பர் 1-ல் தயாபாஸ் அருகே அலிதாவில் அவருடைய சபையினரின் படுகொலை. அடுத்து சரியாயா ஊர்ப் பக்கம் அவர் பிடிபட்டது. நவம்பர் 4-ல் தயாபாஸ் நகரில் சுட்டுக் கொன்றது.

கேள்வி: ‘புலி’ என்றுகூடச் சில இடங்களில் எழுதுகிறார்களே, வீரத்தைக் குறிக்கும் பட்டப்பெயரா?

இல்லை. தமிழ்க் காதுக்கு அப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். ‘அப்போலினாரியோ’ என்ற பெயரின் நடுவிலிருந்து பிறந்த செல்லப் பெயர் அது. ‘புலே’, ‘புலி’ இரண்டு வழக்கும் உண்டு. மாகாணத்திலேயே இரண்டையும் பார்க்கலாம். ‘ஹெர்மானோ’ என்றால் ஸ்பானிய மொழியில் சகோதரர். சபையினர் ஒருவரை ஒருவர் அழைத்த முறை. ஆகவே ‘புலே அண்ணன்’ என்று சொன்னால் பெயரின் நெருக்கம் சரியாக வந்துவிடும்.

கேள்வி: ஒரு பிரார்த்தனைச் சங்கத்தைக் கண்டு ஸ்பானிய அரசு ஏன் இவ்வளவு பயந்தது? அப்படி என்ன விதிகள் வைத்திருந்தார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். விதிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றம் சொல்ல முடியாது. சேர்த்துப் பார்த்தால்தான் ஆட்சியாளர்களின் பயம் புரியும்.

முதலாவது, கூடும் நாள். ஒவ்வொரு மாதமும் 19-ம் தேதி. தூய யோசேப்பின் திருநாள் மார்ச் 19 என்பதால் அந்தத் தேதி. அன்று லுக்பான் கோயிலில் சபைக்காகத் திருப்பலி நடக்கும். பிறகு வீட்டில் கூடிப் பிரார்த்தனை. அதாவது மாதம் தவறாமல், ஒரே தேதியில், பல ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சேர்கிறார்கள்.

இரண்டாவது, சந்தா. ஆளுக்கு மாதம் ஒரு ரியால், திருப்பலிச் செலவுக்காக. எட்டு ரியால் சேர்ந்தால் ஒரு பெசோ. 19 பேர் இருந்தவரை மாதத்துக்கு இரண்டரைப் பெசோகூட இல்லை. ஆனால் சபை தயாபாஸ், லகூனா, பதாங்காஸ், கவீத்தே என்று பரவி, 4,500 முதல் 5,000 பேர் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் அது மாதத்துக்கு 560 முதல் 625 பெசோ. பங்குப் பாதிரியாரின் பிடியில் இல்லாத பணம்.

மூன்றாவது விதிதான் வினையாயிற்று. ஸ்பானியர்களும் மெஸ்திசோக்களும், அதாவது கலப்பு வம்சத்தாரும், புலேயின் அனுமதி இல்லாமல் உறுப்பினராக முடியாது. துறவற சபைகள் எந்த அளவுகோலால் அவரை வெளியே நிறுத்தினவோ, அதே அளவுகோலை அவர் திருப்பிப் பிடித்தார். இதைப் பழிவாங்கல் என்று சுருக்கிவிடக் கூடாது. பணமும் பதவியும் உள்ளவர்கள் உள்ளே வந்தால் பொறுப்புகள் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். எளியவர்கள் தங்கள் சபையிலேயே பின்வரிசைக்குப் போவார்கள். அதைத் தடுக்க வேறு வழி அவருக்கு இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. தலைவர் மணிலாவில், உறுப்பினர்கள் லுக்பானிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும். இடையில் ஓடியது கடிதங்கள். அவர் எழுதி அனுப்புவார், கூட்டத்தில் வாசிப்பார்கள். ஊர்ப் பாதிரியாரின் பிரசங்க மேடையைத் தாண்டி, நேராக மக்களிடம் ஒரு குரல் போய்ச் சேர்கிறது. அன்றைய கிராமத்தில் அரசின் கண்ணும் காதும் பங்குப் பாதிரியார்தான். அவரைச் சுற்றிக்கொண்டு போகும் எதுவும் ஆட்சிக்குச் சந்தேகத்துக்கு உரியது.

கேள்வி: அவர் ஆரம்பத்திலிருந்தே புரட்சிக்குத் திட்டமிட்டார் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். சரியா?

நடந்தவற்றைத் தேதி வரிசையில் வைத்தால் அந்த வாதம் நிற்காது. சபை தொடங்கியது 1832. ஆயுத மோதல் 1841 அக்டோபர். நடுவில் உள்ள ஒன்பது ஆண்டுகளில் அவர் செய்ததெல்லாம் பிரார்த்தனையும் கடிதமும் மனுவும்.

1840 அக்டோபர் 19, அதாவது சபை கூடும் அதே பத்தொன்பதாம் தேதி, லுக்பானில் கூட்டத்தின் மேல் அதிகாரிகள் பாய்ந்தார்கள். 243 பேர் கைது. லுக்பானின் பங்குப் பாதிரியார் மனுவேல் சாஞ்சோ சபைக்குக் கடும் எதிரியாக இருந்தவர். இவ்வளவு நடந்த பிறகும் புலே ஆயுதம் தேடவில்லை. அங்கீகாரம் கேட்டு மனுப் போட்டார். தயாபாஸ் அப்போது நுவேவா காசெரெஸ் மறைமாவட்டத்தின் கீழ் இருந்ததால் ஆயருக்கு மனு போனது. மணிலாவில் உயர் நீதிமன்றமான ரியால் ஆவுதியென்சியா வரைக்கும் விஷயம் போனது. மணிலாவில் இருந்த உள்நாட்டுப் பாதிரியார் சிரியாக்கோ டி லோஸ் சாந்தோஸ் சபைக்கு உதவியவர்களில் ஒருவர். எங்கும் அனுமதி கிடைக்கவில்லை. ஸ்பானியர்களையும் மெஸ்திசோக்களையும் விலக்கும் விதி அவர்களுக்குப் போதுமான காரணம் ஆயிற்று.

கைது ஆணை பிறந்த பிறகுதான் 1841-ல் அவர் மணிலாவை விட்டு வெளியேறினார். பனஹாவ் மலையடிவாரத்தில், இசாபாங்கில் ஆயிரக்கணக்கானோர் அவரைச் சுற்றித் திரண்டார்கள். அக்டோபர் 23-ல் மாகாண ஆளுநர் ஹோவாகின் ஓர்தேகா படையோடு வந்து தாக்கினார். அந்த மோதலில் ஓர்தேகாவே கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமே இல்லாமல் போயிற்று. தலைமை ஆளுநர் மார்செலினோ டி ஓரா மணிலாவிலிருந்து கர்னல் ஹோவாகின் ஹுவெட்டின் கீழ் படை அனுப்பினார். அலிதாவைத் தாக்கியது அந்தப் படைதான்.

உங்கள் நண்பரிடம் இப்படிச் சொல்லுங்கள்: புரட்சியாளராக அவர் புறப்படவில்லை. கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்து அந்த இடத்துக்கு அவரைத் தள்ளியது ஆட்சி. பாடப் புத்தகங்கள் ‘1841 கலகம்’ என்று ஒரே வரியில் முடிக்கும்போது, இந்த ஒன்பது ஆண்டுக் காத்திருப்புதான் காணாமல் போகிறது.

கேள்வி: அலிதாவில் அவ்வளவு பேர் இறந்தது எப்படி? தப்பி ஓட வழியில்லையா?

அது படைமுகாம் அல்ல, குடும்பங்களின் முகாம். ஆண்கள் மட்டும் அல்லாமல் பெண்களும் முதியவர்களும் இருந்தார்கள். கையில் இருந்தது பெரும்பாலும் போலோ கத்தியும் ஈட்டியும். மலையில் வாழும் ஏத்தா மக்களும் வில் அம்போடு துணைக்கு வந்தார்கள். எதிரே துப்பாக்கியும் பீரங்கியும். ஓர்தேகாவை வென்றது தெய்வத்தின் கை என்று நம்பியதும் அவர்களை அங்கேயே நிறுத்தியது. குண்டு தங்களைத் தொடாது என்ற உறுதியோடு நின்றவர்கள் பலர். சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள்.

இந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒதுக்குவது சுலபம். நீதிமன்றம், ஆயர், ஆளுநர் என்று எல்லாரும் கைவிட்ட ஒரு கூட்டத்துக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

புலே தப்பி, பிடிபட்டு, தயாபாஸ் நகரின் காசா கொமுனிதாத் கட்டடத்தில் அவசர விசாரணைக்கு உள்ளானார். நவம்பர் 4-ல் சுட்டுக் கொன்ற பிறகு உடலைத் துண்டாக்கி, தலையை மஹைஹை போகும் பாதையோரம் கம்பத்தில் செருகி வைத்தார்கள். மஹைஹை லகூனா மாகாணத்து ஊர்; சபைக்கு அங்கே வலுவான ஆதரவு இருந்தது. எந்த ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்று யோசித்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அதோடு அடங்கவில்லை. மணிலாவில் இருந்த தயாபாஸ் படைப்பிரிவில் இறந்தவர்களின் ஊரார் பலர் இருந்தார்கள். 1843 ஜனவரி 20-ல் சார்ஜென்ட் இரினேயோ சமானியேகோ தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்து சான்டியாகோ கோட்டையைப் பிடித்தார்கள். மறுநாளே அரசுப் படை கோட்டையை மீட்டது. சமானியேகோவும் தோழர்களும் மரண தண்டனை பெற்றார்கள்.

கேள்வி: நவம்பர் 4-ல் கெசோன் மாகாணத்தில் வேலைக்குப் போனால் இரட்டைச் சம்பளம் கிடைக்குமா?

கிடைக்காது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. பிலிப்பைன்ஸில் விடுமுறை இரண்டு பெரும் வகை. ‘வழக்கமான விடுமுறை’ என்றால் வேலை செய்தவருக்கு 200 சதவீதம். ‘சிறப்பு வேலையில்லா நாள்’ என்றால் 130 சதவீதம்தான். உள்ளூர் விடுமுறைகள் பொதுவாக இரண்டாம் வகை. ஹெர்மானோ புலே நாளையும் அப்படியே கணக்கிட வேண்டும்.

தினக்கூலி 500 பெசோ என்று வைத்துக் கணக்குப் போடுவோம். எளிய எண் என்பதால் 500. உங்கள் கூலியை அதன் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் எட்டு மணி நேர வேலைக்கு 500 × 1.30 = 650 பெசோ. அதே நாள் உங்கள் வார ஓய்வு நாளாகவும் இருந்து வேலை செய்தால் 500 × 1.50 = 750. எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால், அன்றைய மணிக்கூலியின் மேல் இன்னொரு 30 சதவீதம். 500-ஐ எட்டால் வகுத்தால் 62.50; அதை 1.30 ஆல் பெருக்கினால் 81.25; மறுபடி 1.30 ஆல் பெருக்கினால் 105.63 பெசோ. கூடுதல் ஒவ்வொரு மணிக்கும் இந்தத் தொகை. சம்பளச் சீட்டில் நேரும் வழக்கமான பிழை, கடைசிப் பெருக்கலை விட்டுவிட்டு 81.25 போடுவது.

வேலைக்குப் போகாத தினக்கூலிக்காரருக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை. நிறுவனத்தின் வழக்கமோ தொழிற்சங்க ஒப்பந்தமோ தருவதாக இருந்தால் மட்டும் உண்டு. மாதத்தின் எல்லா நாளுக்கும் சேர்த்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பிடித்தம் இருக்கக் கூடாது. அவர்கள் அன்று வேலை செய்தால் 30 சதவீதம் மட்டும் கூடுதலாக வரும்.

அறிவிப்பில் ‘சிறப்பு வேலை நாள்’ என்று இருந்தால் அது வேறு. அன்று கூடுதல் எதுவும் கிடையாது. சாதாரண நாள் போலத்தான். ‘இல்லா’ என்ற ஒரு சொல்லில் 30 சதவீதம் அடங்கியிருக்கிறது. ஆணையை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: வீடு தயாபாஸில், வேலை மணிலாவில். எனக்கு விடுமுறை உண்டா?

இல்லை. வேலை செய்யும் இடம்தான் கணக்கு, வீட்டு முகவரி அல்ல. நிறுவனத்தின் தலைமையகம் மணிலாவில் இருந்தாலும், நீங்கள் வேலை பார்க்கும் கிளை கெசோன் மாகாணத்தில் இருந்தால் விடுமுறை உண்டு. மணிலாவில் சம்பளம் போடுகிறவருக்கு உள்ளூர் விடுமுறை கண்ணில் படாமல் போவது சகஜம். அக்டோபர் கடைசியிலேயே எழுத்தில் நினைவூட்டிவிடுவது நல்லது.

லுசேனாவில் வேலை செய்கிறவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். மாகாணத் தலைநகர் அதுதான். ஆனால் உயர் நகரமய நகரம் என்ற தகுதி பெற்றிருப்பதால் நிர்வாகத்தில் மாகாண அரசின் கீழ் இல்லை. எனவே ஆணையின் வாசகத்தில் லுசேனாவும் அடங்குகிறதா என்பதை அந்தந்த ஆண்டு நகராட்சி அறிவிப்பிலிருந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கிரெகோரியோ அக்லிப்பாய், அப்போலினாரியோ மபினி, புலே மூவரையும் குழப்பிக்கொள்கிறேன்.

இடத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அக்லிப்பாய் வடக்கே இலோகோஸ் நோர்த்தேயின் பதாக் ஊர்க்காரர். 1860-ல் பிறந்து பாதிரியாராகவே இருந்து, ரோமிலிருந்து பிரிந்த பிலிப்பைன் சுதந்திரத் திருச்சபையின் முதல் தலைமை ஆயர் ஆனவர். அந்தத் திருச்சபை உருவானது 1902. 1940-ல் இயற்கையாக இறந்தார். மபினி பதாங்காஸ் மாகாணத்தின் தனாவுவான் ஊர்க்காரர். புரட்சி அரசின் சட்ட அறிஞர், மதத் தலைவர் அல்ல. புலேக்கும் அவருக்கும் பொது, பெயரின் முன்பாதி மட்டுமே. மூவரிலும் முந்தியவர் புலே. மற்ற இருவரும் பிறக்கும் முன்பே அவர் கதை முடிந்துவிட்டது.

கேள்வி: அன்றைக்கு அங்கே போனால் என்ன பார்க்கலாம்? பனஹாவ் மலை ஏறலாமா?

மணிலாவிலிருந்து லுசேனாவுக்குப் பேருந்து உண்டு. நெரிசல் இல்லாவிட்டால் மூன்றரை, நான்கு மணி நேரம். ஆனால் நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். கல்லறைக்குப் போன கூட்டம் 2, 3 தேதிகளில் மணிலாவுக்குத் திரும்பும். எதிர்த்திசையில் போகிற உங்களுக்கும் தெற்கு நெடுஞ்சாலையில் நேரம் இழுக்கும். 3-ம் தேதி இரவே லுசேனா போய்ச் சேர்வது உசிதம். அங்கிருந்து தயாபாஸ் சுமார் பத்துக் கிலோமீட்டர், ஜீப்னி என்ற பங்கு வண்டியில் போகலாம். வழியில் இசாபாங்கில் இறங்கினால் புலேயின் நினைவுச் சின்னம். மலர் வளையம் வைப்பது போன்ற நிகழ்ச்சிகள் காலை வேளையில் நடப்பவை. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வாடும் பூக்களைத்தான் பார்ப்பீர்கள்.

தயாபாஸ் நகரில் காசா கொமுனிதாத் இன்றும் நிற்கிறது. விசாரணை நடந்த கட்டடம் என்ற நினைவோடு பாருங்கள். விடுமுறை நாளில் உள்ளே விடுவார்களா என்பதை முந்தின நாளே நகரச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அரசு அலுவலகங்கள் அன்று மூடியிருக்கும். அங்கிருந்து லுக்பான் வரைக்கும் ஜீப்னி உண்டு. லுக்பானில் மே 15-ல் வீடுகளை அரிசி அப்பளங்களால் அலங்கரிக்கும் பஹியாஸ் விழா சான் இசித்ரோவுக்கானது. புலேக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மலையேற்றத்தை விட்டுவிடுங்கள். பனஹாவின் ஏறும் பாதைகளைக் குப்பையும் மிதிபாடும் தாங்காமல் 2004 முதல் மூடினார்கள். 2009-ன் சட்டம் பனஹாவையும் சான் கிறிஸ்தோபாலையும் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு ஆக்கியது. அனுமதி இல்லாமல் ஏறுவது குற்றம். திருட்டுத்தனமாக ஏறியவர்களால் 2014 மார்ச்சில் உச்சியருகே காடு தீப்பிடித்தது. புலேயின் வழி வந்த நம்பிக்கைகளை நேரில் காண விரும்பினால் தொலோரெஸ் பக்கம் அடிவாரத்தில் கினாபுஹாயான், சாந்தா லூசியா போன்ற யாத்திரைத் தலங்கள் போதும். புனித வாரத்தில்தான் அங்கே பெருங்கூட்டம். நவம்பரில் அமைதியாக இருக்கும்.

கேள்வி: உரிமம் இல்லாத வாடகை வண்டியை மணிலாவில் ‘கொலோரும்’ என்கிறார்கள். இதுவும் புலேயோடு தொடர்புடையதாமே?

வழி அங்கேதான் போகிறது. லத்தீன் ஜெபங்கள் ‘பெர் ஓம்னியா சேகுலா சேகுலோரும்’ என்று முடியும். யுகயுகமாக என்று பொருள். லத்தீன் தெரியாத கிராமத்து மக்கள் வாயில் அதன் வால் ‘கொலோரும்’ ஆயிற்று. 1841-க்குப் பிறகு எஞ்சிய சபையினர் பனஹாவ், சான் கிறிஸ்தோபால் மலைகளில் ஒதுங்கித் தங்கள் வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். அவர்களையும், பின்னால் வந்த மற்ற மலைச் சபைகளையும் அதிகாரிகள் அந்தச் சொல்லால் அழைத்தார்கள். அனுமதி பெறாத சபை என்பது, காலப்போக்கில் அனுமதி பெறாத எதற்கும் பெயராகி, இன்று உரிமம் இல்லாத வேனில் வந்து நிற்கிறது. அந்த வேனில் ஏறாதீர்கள். விபத்து நேர்ந்தால் உரிமம் பெற்ற வண்டிப் பயணிக்குக் கிடைக்கும் காப்பீடு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். லுசேனா நிலையத்தில் நம்பர் பலகையும் வழித்தடப் பெயரும் எழுதிய வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.